டெகாவின் பாலே ஓவியங்களில் கோடும் ஒளியும் அசைவும்

முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிசில் தோன்றிய இம்ப்ரெஷனிசம் என்னும் மனப்பதிவியம், கணநேரக் காட்சியைத் திறந்தவெளி ஒளியில் விரைந்து தீட்டும் முறை என்றே பெரிதும் அறிமுகப்படுத்தப்படுகிறது. மோனேயின் நிலக்காட்சிகளுக்கு இவ்விளக்கம் ஓரளவு பொருந்தும். ஆனால், 1874 முதல் 1886 வரை நிகழ்ந்த அவ்வியக்கத்தின் எட்டுக் கண்காட்சிகளுள் ஏழில் பங்கேற்ற எட்கர் டெகாவின் (1834–1917) பாலே ஓவியங்களுக்கு அது பொருந்துவதில்லை. அவற்றில் நாம் காணும் அசைவு கண்டவுடன் பதிந்ததன்று. ஓவியக்கூடத்தில் திருத்தித் திருத்திக் கட்டமைக்கப்பட்டது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இல்லாத கூடமும் திரும்பும் கோடும்

நியூயார்க் மெட்ரோபாலிடன் கலை அருங்காட்சியகத்திலுள்ள 'நடன வகுப்பு' (1874) என்னும் ஓவியம், பாரிசின் பழைய ஓபரா அரங்கின் பயிற்சிக்கூடத்தைக் களமாகக் கொண்டது. லெ பெலெத்தியே தெருவில் இருந்த அவ்வரங்கு 1873 அக்டோபரில் தீக்கிரையாயிற்று. ஆக, ஓவியம் நிறைவுற்றபோது அக்கூடமே இல்லை. நடனத் தேர்வுகளைப் பலமுறை வரைந்தும் அவற்றை நேரில் கண்டதில்லை என்று டெகாவே நண்பர் ஒருவருக்கு எழுதிய மடலில் சற்று நாணத்துடன் ஒப்புக்கொண்டு, அனுமதி பெற்றுத்தருமாறு வேண்டியுள்ளார்.

நினைவிலிருந்து வரைபவனுக்குக் கோடே துணை. டெகா, ஆங்கரின் மாணவரான லாமோத்திடம் பயின்றவர். 1855இல் ஆங்கரையே சந்தித்து, நேரில் கண்டும் நினைவிலிருந்தும் இடைவிடாது கோடுகள் வரையுமாறு அறிவுரை பெற்றவர். ஒரு நடனமங்கையின் உருவைக் கரிக்கோலால் வரைந்து, அதன்மேல் படியெடுப்புத் தாளை வைத்து, தோளையோ முழங்கையையோ சிறிது மாற்றி மீண்டும் வரைவது அவர் பிற்காலத்தில் பெரிதும் கையாண்ட முறை. அக்கரிக்கோல் வரைவுகளில் பழைய கோடு அழிக்கப்படாமல் புதிய கோட்டின் அருகிலேயே நிற்பதுண்டு. கை முன்பு இருந்த இடமும் இப்போது இருக்கும் இடமும் ஒருங்கே புலப்படுவதால் பார்ப்பவர் கண் இரண்டிற்கும் இடையே ஊசலாடுகிறது. அசைவு என்று நாம் உணர்வது இவ்வூசலாட்டத்தையே.

கீழிருந்து எழும் ஒளி

பகலொளி மேலிருந்து விழுவது. நெற்றியும் மூக்கும் ஒளிபெற, மோவாயின் அடிப்பகுதி நிழலில் அமையும். மேடை விளிம்பிலிருந்த எரிவாயு விளக்குகள் இம்முறையைத் தலைகீழாக்கின. ஓர்சே அருங்காட்சியகத்திலுள்ள 'விண்மீன்' (ஏறத்தாழ 1876) என்னும் படைப்பில் முதன்மை நடனமங்கையின் கழுத்தும் மோவாயும் வெண்மையாய் ஒளிர்கின்றன. முகம் ஏறக்குறைய முகமூடியாகிறது. ஒற்றை அச்சுப்படியின்மேல் பாஸ்டல் தீட்டிய படைப்பு இது. உயரமான இருக்கையிலிருந்து நோக்குவது போன்ற கோணம். இடப்புறம் பரந்து கிடக்கும் வெற்றுமேடை அவள் இனி நகரவேண்டிய இடமாகிறது.

அதே படத்தில் பக்கத்திரையின் பின்னே கறுப்பு உடை அணிந்த ஆடவர் ஒருவர் நிற்கிறார். தலை திரையில் மறைந்துள்ளது. ஓபராவின் சந்தாதாரச் செல்வர்கள் மேடையின் பின்புறம் சென்றுவரும் உரிமை பெற்றிருந்தனர். நடனமங்கையரோ பலர் வறிய குடும்பத்துச் சிறுமியர். இவ்வுருவத்தை அலங்காரமாகக் கொள்வோர் படத்தின் பாதியை இழக்கின்றனர் என்பது என் கருத்து. 'கணநேரப் பதிவு' என்னும் சொல் ஓவியனின் உழைப்பை மட்டுமன்றி அச்சிறுமியரின் உழைப்பையும் சேர்த்தே மறைத்துவிடுகிறது.

ஆடாதவரின் அசைவு

டெகாவின் நடனமங்கையருள் பலர் ஆடுவதில்லை. கொட்டாவி விடுகின்றனர், முதுகைச் சொறிகின்றனர், காலணி நாடாவைக் கட்டுகின்றனர். கிளீவ்லாந்து கலை அருங்காட்சியகத்திலுள்ள 'நடனமங்கையர் வரிசை' (ஏறத்தாழ 1895) இதற்குச் சிறந்த சான்று. அமர்ந்து குனிந்து காலணியைச் சரிசெய்யும் நால்வர் அகன்ற திரைச்சீலையில் இடம்பெறுகின்றனர். உற்றுநோக்கின், ஒருத்தியையே நான்கு கோணங்களிலிருந்து வரைந்ததாகவும் தோன்றும். அவர்களுள் எவரும் நகரவில்லை; அவர்களைச் சுற்றிவருவது பார்ப்பவரின் கண்ணே.