காந்தம் காட்டும் படம்

திடீரென வாய் கோணுகிறது, பேச்சு குழறுகிறது. பக்கவாதமோ என்று சந்தேகம். மூளையில் ரத்தம் தடைபட்ட இடம் முதல் சில மணி நேரத்தில் சி.டி. ஸ்கேனில் பல சமயம் பிடிபடாது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் அதே இடம் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். உடலில் இருக்கும் நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்களைக் காந்தப்புலத்தில் வைத்து ரேடியோ அலையால் தூண்டுகிறார்கள். அவை திருப்பி அனுப்பும் சிக்னல்தான் படமாகிறது. எக்ஸ்ரே கதிர் துளியும் கிடையாது. முதுகுத்தண்டு, மூட்டுத் தசைநார், மூளைக் கட்டி என மென்மையான திசுக்களைப் பார்க்க இதற்கு ஈடு குறைவு. 1977-ல் முதன்முதலாக மனித உடலை ஸ்கேன் செய்தபோது ஏறக்குறைய 5 மணி நேரம் பிடித்தது. இன்று பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிகிறது. உடலுக்குள் பேஸ்மேக்கரோ வேறு உலோகமோ இருந்தால், அறைக்குள் போகும் முன்பே ஊழியரிடம் சொல்லிவிடுங்கள்.