காசை விழுங்கிய மூன்றாம் எண் டிரையர்

நியூ ஜெர்சியில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் பேஸ்மென்டில் துணி உலர்த்த ஆறு டிரையர்கள் இருக்கின்றன. ஒரு குவார்ட்டர் போட்டால் ஆறு நிமிடம் ஓடும். மூன்றாம் எண் டிரையர் மட்டும் 'சில நேரம்' காசை விழுங்கிவிட்டுக் கம்மென்று இருக்கும். சர்வீஸ் ஆள் வந்து கன்ட்ரோல் போர்டையே மாற்றிவிட்டுப் போனார். அன்றைக்கு நன்றாக ஓடியது. மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

பழி விழுந்தது கட்டடத்தைப் பராமரிக்கும் பெரியவர் மேல். காசுப் பெட்டியின் சாவி அவரிடம்தானே இருக்கு என்று இரண்டு பேர் நிர்வாகத்துக்கு எழுதியே கொடுத்துவிட்டார்கள். போகிற குவார்ட்டரைவிட அதுதான் எனக்கு உறுத்தியது. அதனால்தான் இதில் தலையிட்டேன்.

முதலில், காசு எப்படி நிமிடமாக மாறுகிறது என்று பார்த்துவிடலாம். அமெரிக்க குவார்ட்டரின் விட்டம் 24.26 மிமீ, எடை 5.67 கிராம். காசு விழும் பாதையில் இருக்கும் அமைப்பு இந்த அளவுக்குப் பொருந்தாததை வெளியே தள்ளிவிடும். சில இயந்திரங்களில் ஒரு காந்தமும் உண்டு. 2000க்குப் பிறகு வந்த கனடா குவார்ட்டர் எஃகால் ஆனது என்பதால் அந்தக் காந்தத்திடம் மாட்டிக்கொள்ளும். தேறிய காசு கீழே விழும்போது ஓர் ஒளிக்கற்றையைக் கடக்கிறது. ஒரு பக்கம் அகச்சிவப்பு எல்இடி, எதிர்ப்பக்கம் ஒளியை உணரும் டிரான்சிஸ்டர். காசு நடுவே வந்ததும் கணநேரம் ஒளி மறைகிறது, சிக்னல் கம்பியில் வோல்டேஜ் மாறுகிறது. போர்டில் உள்ள மைக்ரோகன்ட்ரோலர் அந்த மறைப்பு எவ்வளவு நேரம் நீடித்தது என்று பார்க்கும். ரொம்பக் குறைவாக இருந்தால் ஏதோ மின் இரைச்சல் என்று விட்டுவிடும். ரொம்ப நீண்டால் காசு சிக்கிக்கொண்டது, அல்லது யாரோ நூலில் கட்டி விளையாடுகிறார்கள் என்று பொருள். இரண்டுக்கும் நடுவில் இருந்தால்தான் ஒரு குவார்ட்டர் கணக்கு.

அதாவது போர்டு காசைப் பார்ப்பதே இல்லை, நிழலைத்தான் எண்ணுகிறது. காசு போச்சு என்றால் ஒன்று நிழல் சரியாக விழவில்லை, அல்லது அந்தச் செய்தி கம்பி வழியாக வந்து சேரவில்லை, அல்லது போர்டு அதை ஏற்கவில்லை. மூன்றில் விலை அதிகமானது போர்டு. எல்லாரும் முதலில் மாற்றுவதும் அதைத்தான்!

எங்கள் தொழிலில் 'சில நேரம் வேலை செய்யவில்லை' என்று பக் ரிப்போர்ட் வந்தால் எரிச்சல் வரும். எந்த நேரம்? அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? அதையே இங்கேயும் கேட்டேன். பெரியவரிடம் சொல்லி, டிரையர் மேல் ஒரு தாளை ஒட்டி, பென்சிலையும் கட்டிவிட்டோம். நேரம், போன காசு, அப்போது டிரம் சுற்றிக்கொண்டிருந்ததா என்று மூன்றே கேள்விகள். இரண்டு வாரத்தில் பதினோரு பதிவுகள். பதினொன்றிலும் டிரம் சுற்றிக்கொண்டிருந்தது. ஆரம்பத்தில் போட்ட காசு ஒன்றுகூடத் தொலையவில்லை. ஜீன்ஸ் இன்னும் ஈரமாக இருக்கே என்று நடுவில் கூடுதலாகப் போட்டவர்கள்தான் இழந்திருக்கிறார்கள்.

டிரம் சுற்றும்போது புதிதாகச் சேர்வது என்ன? அதிர்வு, சூடு, மோட்டாரின் மின் இரைச்சல். கையால் உண்டாக்க எளிதானது அதிர்வு, அதனால் அதிலிருந்து தொடங்கினோம். பிளக்கைப் பிடுங்கிய பிறகே மூடியைக் கழற்றினார் பெரியவர். உள்ளே 240 வோல்ட் வரும் இயந்திரம், விளையாட்டில்லை. நான் டார்ச்சும் மல்டிமீட்டரும் பிடித்ததோடு சரி. சென்சாரிலிருந்து போர்டுக்கு மூன்று கம்பிகள்: 5 வோல்ட், கிரவுண்ட், சிக்னல். மீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, ஒவ்வொரு கம்பியாக இரு முனையிலும் தொட்டுக்கொண்டு மெல்ல ஆட்டினோம். சிக்னல் கம்பியை ஆட்டியபோது 'பீப்' விட்டு விட்டு வந்தது.

கனெக்டரை உருவிப் பார்த்தால், அந்த ஒரு பின் மட்டும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் இரண்டு மிமீ பின்வாங்கியிருந்தது. அதைப் பிடித்து வைக்கும் சின்ன உலோக நாக்கு மடங்கிப்போயிருக்கிறது. இயந்திரம் சும்மா நிற்கும்போது எப்படியோ தொட்டுக்கொண்டிருக்கும், ஆடினால் விலகும். ஊசியால் நாக்கை நிமிர்த்தி, 'டிக்' என்று கேட்கும்வரை தள்ளினோம். செலவு ஏதும் இல்லை. புதுப் போர்டு போட்ட அன்று மட்டும் ஏன் ஓடியது என்பதும் புரிந்தது. அதே கனெக்டரைத்தான் கழற்றிச் செருகியிருக்கிறார். அந்த அழுத்தத்தில் பின் ஒருநாள் ஒட்டிக்கொண்டது.

இன்னொன்றும் அகப்பட்டது. ஒரு காசுக்கு எத்தனை நிமிடம் என்பது போர்டின் நினைவகத்தில் எழுதிவைக்கும் எண். புதுப் போர்டு தொழிற்சாலையில் வைத்த எண்ணோடு வரும். அதை மாற்ற சர்வீஸ் ஆள் மறந்திருக்கிறார். ஐந்து நிமிடம்தான் தந்துகொண்டிருந்தது. சந்தேகம் பெரியவர் பக்கம் திரும்பியது அப்புறம்தான்.

போர்டைத் திட்ட வைக்கும் மற்ற கோளாறுகளும் பெரும்பாலும் இந்த ஜாதிதான். கதவு சுவிட்ச் தேய்ந்தால், மூடிய கதவைத் திறந்திருப்பதாக நினைத்து இயந்திரம் நின்றுவிடும். வெப்பம் அளக்கும் தெர்மிஸ்டரின் மின்தடை சூடு ஏற ஏறக் குறையும். அதன் கம்பி அறுந்தால், தடை எல்லையில்லாமல் இருப்பதால் போர்டுக்கு அது உறைபனிக் குளிராகத் தெரியும். நடக்கக்கூடிய எண்ணா இது என்று சோதிக்கும் நல்ல புரோகிராம், ஹீட்டரைப் போடாமல் பிழைக் குறியீடு காட்டும். டிஸ்ப்ளே எரிகிறது, டிரம் சுற்றுகிறது, சூடு மட்டும் இல்லையா? அமெரிக்க மின் டிரையரில் இரண்டு 120 வோல்ட் கம்பிகள் சேர்ந்து ஹீட்டருக்கு 240 தருகின்றன. மோட்டாருக்கும் போர்டுக்கும் அதில் ஒன்றும் நியூட்ரலும் போதும். மற்றொரு கம்பியின் பக்கம் பிரேக்கர் விழுந்தால் இதேதான் நடக்கும். முதலில் பிரேக்கர் பெட்டியைப் பாருங்கள்.

பதினோரு பதிவுகள் கொண்ட தாளை நகலெடுத்து, என்ன நடந்தது என்று ஒரு பக்கம் எழுதி நிர்வாகத்துக்குக் கொடுத்தேன். காசு இழந்தவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். பெரியவரிடம் யாரும் எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை. 'கெட்டுப்போனது' என்று கழற்றிய பழைய போர்டை அவர் அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தார். போன மாதம் ஐந்தாம் எண் டிரையரின் டிஸ்ப்ளே அணைந்தபோது அதை எடுத்து மாட்டினார். ஒரு குவார்ட்டருக்கு ஆறு நிமிடம், சரியாகத் தருகிறது.