எரிமலையின் தலையில் பனிக்கட்டி

நிலநடுக்கோட்டுக்கு அருகே பனியாறு இருக்க முடியுமா? முடியும். தென் அமெரிக்காவில், கொலம்பியா நாட்டிலுள்ள நெவாடோ டெல் ரூயிஸ் சுமார் 5,300 மீட்டர் உயரமான மலை. அவ்வுயரத்தில் விழும் பனி ஆண்டாண்டாகப் படிந்து, இறுகிக் கட்டியாகி, தன் எடையாலேயே சரிவில் மெல்ல நகர்கிறது. அதுவே பனியாறு. ஆனால் இம்மலை ஓர் எரிமலை!

1985 நவம்பர் 13 இரவு 9 மணிக்குச் சற்றுப் பின் அது வெடித்தது. எரிமலைகளின் வரலாற்றில் அது சிறிய வெடிப்புத்தான். பனிக்கட்டியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் உருகியது. ஆயினும் 23,000 பேருக்கு மேல் மாண்டனர். எப்படி?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 0 டிகிரி செல்சியஸிலுள்ள 1 கிராம் பனிக்கட்டியை உருக்க 80 கலோரி வேண்டும். பாறையின் தன்வெப்பம் சுமார் 0.2. எனவே 800 டிகிரியிலுள்ள 1 கிராம் பாறைத்துகள் 0 டிகிரிக்குக் குளிர்ந்தால் 160 கலோரி வெளிவரும். 2 கிராம் பனிக்கட்டி உருகும். (இது உச்ச வரம்பு. வெப்பத்தில் ஒரு பகுதி காற்றோடும் நீராவியோடும் போய்விடும்.) ஆனால் வெப்பம் இருந்தால் மட்டும் போதாது, அது விரைவாகப் பனிக்குச் சேர வேண்டும். ஊர்ந்து வரும் எரிமலைக் குழம்பின் மேற்புறம் ஆறி ஓடு கட்டிக்கொள்ளும். உள்வெப்பம் மெதுவாகவே வெளிவரும். ரூயிஸில் வந்ததோ, சுடுவாயுவும் சாம்பலும் நொறுங்கிய கல்லும் கலந்த வேகமான பாய்ச்சல். அது பனியைச் சுரண்டிக் கலக்கித் தன்னோடு சேர்த்துக்கொண்டது. ஒரு கல்லைப் பொடியாக்கினால் அதன் மொத்தப் பரப்பு பல மடங்கு பெருகும் அல்லவா? அத்தனை பரப்பும் பனியைத் தொட்டது.

உருகிய நீர் பள்ளத்தாக்குகளில் இறங்கி, வழியிலுள்ள மண்ணையும் பாறையையும் வாரிக்கொண்டு, ஈரக் காங்கிரீட் போன்ற சேறாயிற்று. ஜாவானிய மொழியிலிருந்து வந்த 'லாஹார்' என்ற சொல்லால் இதைக் குறிப்பர். கீழே செல்லச் செல்ல அதன் கன அளவு பெருகியது.

லகுனில்லா ஆற்றின் வழியே வந்த லாஹார், இரவு 11.30 மணியளவில், 70 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த ஆர்மெரோ நகரை மூடியது. இடையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது! மேட்டு நிலமோ நடந்தே போகும் தூரம். அபாயப் பகுதிகளைக் காட்டும் வரைபடம் அக்டோபரிலேயே வெளியாகியிருந்தது. ஆர்மெரோ அதில் இருந்தது. 1845இல் வந்த சேற்றுப் பெருக்கின் படிவின்மீதுதான் அந்நகரே எழுந்திருந்தது. இயற்பியல் இங்கே பொய்க்கவில்லை. மக்கள்தான் உரிய நேரத்தில் வெளியேற்றப்படவில்லை.

2007 ஏப்ரலில் அதே நாட்டின் நெவாடோ டெல் ஊயிலா எரிமலை வெடித்து, லாஹார் வந்தது. பாலங்களும் வீடுகளும் போயின. முன்கூட்டியே மக்கள் வெளியேற்றப்பட்டிருந்ததால் உயிரிழப்பு இல்லை.