உங்களுக்குத் தெரியுமா? சாய்ந்தும் வேலை செய்யும் பைக் பேட்டரி

பழைய பைக்கை ‘கஃபே ரேசர்’ ஆக்குபவர்கள் பேட்டரியைச் சீட்டுக்கு அடியில் சாய்த்து ஒளித்துவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். எல்லா பேட்டரியும் இதற்கு ஒத்துவராது. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் பழைய ரகத்தில் கந்தக அமிலம் தண்ணீர் போலத் தளும்பும். அதைச் செங்குத்தாகத்தான் வைக்க வேண்டும். சாய்த்தால் காற்றுக்குழாய் வழியே அமிலம் கசிந்து சேஸியை அரிக்கும்.

ஏ.ஜி.எம். ரகம் வேறு. இதில் ஈயத் தகடுகளுக்கு நடுவே உள்ள மெல்லிய கண்ணாடி இழைப் பாய், பஞ்சு போல அமிலத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்கிறது. அதனால் பக்கவாட்டில் படுக்கவைக்கவும் பல நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. தலைகீழாக மட்டும் கூடாது. ரெகுலேட்டர் பழுதாகி சார்ஜிங் 15 வோல்ட்டைத் தாண்டினால் உள்ளே ஹைட்ரஜன் வாயு பெருகி வால்வு திறக்கும். வால்வு கீழ்நோக்கி இருந்தால் வாயுவோடு அமிலமும் வெளியே வந்துவிடும்.

அமிலம் தனிப் பொட்டலமாக வரும் ஏ.ஜி.எம். பேட்டரியை நிமிர்த்தி வைத்தே நிரப்பி, முழுதும் ஊறவிட்டு, மூடியை அழுத்தி அடைத்த பிறகுதான் சாய்க்க வேண்டும். அடியில் ரப்பர், மேலே இறுக்கமான பட்டை, பாசிட்டிவ் முனைக்கு உறை ஆகிய மூன்றும் கட்டாயம்.

‘மெயின்டனன்ஸ் ஃப்ரீ’ என்ற எழுத்தை மட்டும் நம்பிச் சாய்த்துவிடாதீர்கள். அந்தப் பெயரில் தளும்பும் ரகமும் விற்கிறது. லேபிளில் ‘ஏ.ஜி.எம்.’ இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.