உப்பு எல்லாம் ஒரே உப்பு இல்லை



உப்பு என்றதும் கறிக்குப் போடும் உப்புத்தான் நம் ஞாபகத்துக்கு வரும். ஆனால் உரமாகப் போடும் அமோனியம் சல்பேட்டும் ஓர் உப்பு. கிணற்றுக்குப் போடும் பிளீச்சிங் பவுடரும் உப்பு வகைதான். இவை எந்தத் தண்ணீரில் சேர்கின்றனவோ அதற்கேற்ப இவற்றின் குணம் மாறும்.

தண்ணீர் மூன்று வகை. நல்ல குடிதண்ணீர் ஏறக்குறைய நடுநிலை. எலுமிச்சைச் சாறு கலந்தால் அமிலம். சுண்ணாம்புத் தண்ணீரும் அப்பச்சோடாத் தண்ணீரும் காரம். இது மிளகாய்க் காரம் இல்லை. வித்தியாசத்தைப் பிளேன்டீயிலேயே பார்க்கலாம். ஒரு கோப்பையில் எலுமிச்சை பிழிந்தால் நிறம் வெளுக்கும். இன்னொன்றில் அப்பச்சோடா போட்டால் கறுக்கும்.

கறி உப்பு சாது. மூன்றிலும் பேசாமல் கரைந்துவிடும்.

யாழ்ப்பாணம் சுண்ணக்கல் பூமி. அங்கே கேத்தலுக்குள் வெள்ளைப் படை பிடிக்கும். வெறும் தண்ணீரில் எவ்வளவு தேய்த்தாலும் லேசில் போகாது. வினாகிரி ஊற்றினால் நுரைத்துக் கரைந்துவிடும்.

அமோனியம் சல்பேட் வெறும் தண்ணீரில் சும்மா கரையும். சுண்ணாம்போடு சேர்ந்தால் மூக்கைத் துளைக்கும் நெடி கிளம்பும். அதுதான் அமோனியா வாயு. செடிக்குச் சேரவேண்டிய நைதரசன் காற்றோடு போகிறது; நாம் கொடுத்த காசும் கூடவே போகிறது. தேயிலைக்குப் புளிப்பு மண் (பி.எச். 4.5 முதல் 5.5 வரை) பிடிக்கும். கோவா, போஞ்சிக்கு அவ்வளவு புளிப்பு ஆகாது. அதனால்தான் மரக்கறிப் பாத்திக்குச் சுண்ணாம்பு போடுகிறோம். முதலில் சுண்ணாம்பைப் போட்டு மண்ணைக் கொத்திவிடுங்கள். சில வாரம் கழித்து உரம் போடுங்கள். இரண்டையும் ஒரே வாளியில் கலக்கவே வேண்டாம்.

இனிச் சொல்வதுதான் மிக முக்கியம். பிளீச்சிங் பவுடரோடு கக்கூஸ் கழுவும் அசிட் சேர்ந்தால் குளோரின் என்ற நச்சு வாயு வரும். "ரெண்டையும் சேர்த்தா நல்லா வெளுக்கும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கதவடைத்த சின்னக் கக்கூசுக்குள் அந்த வாயு நெஞ்சை அடைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஒன்றைப் பாவித்தால், நன்றாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். மற்றதை அன்றைக்குத் தொடவேண்டாம். நெடி வந்தால் உடனே வெளியே வாருங்கள். இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இரண்டு போத்தலையும் வேறு வேறு இடத்தில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைப்போம். சோடாப் போத்தலில் அசிட் ஊற்றி வைக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுவோம்.