பெயின்ற் பூசுமுன் பாருங்கள்

தண்ணீர்த் தாங்கி வைக்கும் இரும்புச் சட்டம், படலைக்குப் பதிலாகப் போடும் கேற், பிள்ளைகளின் ஊஞ்சல் போன்றவற்றை இன்று எமது பெண்கள் பலர் தாமே பட்டறைக்குச் சென்று, அளவு சொல்லிச் செய்விக்கிறார்கள். சிலர் வெல்டிங் வேலையைத் தாமே கற்றும் இருக்கிறார்கள். காசைக் கொடுத்துப் பொருளை ஏற்றி வரும்போது மனதில் ஒரு கேள்வி எழும். இந்த ஒட்டுத் தாங்குமா? ஆயிரம் லீற்றர் தாங்கியில் நிரம்பும் தண்ணீரின் நிறை மட்டுமே 1,000 கிலோ அல்லவா?

உடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் உடைத்த பொருள் பிறகு எதற்கு உதவும்? உடைக்காமலே ஒட்டின் குறையைக் கண்டுபிடிக்கப் பல முறைகள் உண்டு. அவற்றில் ஒன்றிரண்டை நாமே வீட்டு முற்றத்தில் செய்துவிடலாம்.

ஒரு சிறிய ஒட்டு எவ்வளவு பெரிய அழிவைத் தரும் என்பதற்கு வட கடலில் நடந்த விபத்து ஒன்றைச் சொல்ல வேண்டும். நோர்வேயின் எண்ணெய் வயலொன்றில் 'அலெக்சாண்டர் கீலாண்ட்' என்ற மிதக்கும் மேடை இருந்தது. ஐந்து பெரிய கால்களைக் கொண்ட அதில் தொழிலாளர்கள் தங்கியிருந்தார்கள். 1980ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் திகதி மாலை, புயற்காற்றில் அதன் கால்களில் ஒன்று பிரிந்து போயிற்று. சுமார் இருபது நிமிடங்களில் மேடை முழுவதும் கவிழ்ந்தது. இருந்த 212 பேரில் 123 பேர் இறந்தார்கள்.

விசாரணையில் தெரியவந்தது இதுதான். கால்களை இணைத்த பெரிய குழாய் ஒன்றில், கடலுக்கடியில் ஒலி கேட்கும் கருவியைப் பொருத்துவதற்காக ஒரு சிறிய துண்டை ஒட்டியிருந்தார்கள். பாரம் தாங்காத துண்டுதானே என்று அந்த ஒட்டை யாரும் பெரிதாக எண்ணவில்லைப் போலும். அந்த 6 மில்லிமீற்றர் ஒட்டு வெடித்து, வெடிப்பு மெல்ல மெல்லப் பெரிய குழாய்க்குப் பரவி, ஒருநாள் அலையின் அடியில் குழாய் அறுந்தது. வெடிப்பின் உள்ளே பெயின்ற் காணப்பட்டது! அதாவது, மேடையைக் கட்டிய தளத்தில் பெயின்ற் பூசும்போதே அங்கே வெடிப்பு இருந்திருக்கிறது. தூரிகை அதன் மேலேயே போயிருக்கிறது.

ஆகவே பட்டறைக்காரரிடம், "அண்ணை, பெயின்ற் அடிக்க முதல் நான் ஒருக்கா வந்து பார்க்கிறன்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நல்ல வேலைகாரர் கோபிக்க மாட்டார். ஒட்டின் மேல் படிந்த கசட்டைத் தட்டி, கம்பித் தூரிகையால் தேய்த்த பின், வெளிச்சத்தில் பாருங்கள். ஊசித் துளைகள் இருக்கின்றனவா? ஒட்டின் ஓரமாக இரும்பு பள்ளமாக உருகியிருக்கிறதா? மூலை முழுவதும் ஒட்டாமல் பொட்டுப் பொட்டாக மட்டும் வைத்திருக்கிறார்களா? ஒட்டு இரும்போடு கலக்காமல், அதன் மேல் மெழுகு சொட்டியது போல உட்கார்ந்திருக்கிறதா? பெரிய தொழிற்சாலைகளிலும் முதற் சோதனை இந்தக் கண் சோதனைதான்.

அடுத்தது, மண்ணெண்ணெய்ச் சோதனை. தகரத் தாங்கி, வாளி போன்றவற்றுக்கு இது நன்கு பொருந்தும். வெண்கட்டித் தூளையோ சுண்ணாம்பையோ நீரில் கரைத்து, ஒட்டின் வெளிப்பக்கம் பூசிக் காயவிடுங்கள். பிறகு உட்பக்கத்தில் ஒட்டு நெடுகிலும் மண்ணெண்ணெய் தடவுங்கள். தண்ணீர் நுழையாத நுண்ணிய வழியிலும் மண்ணெண்ணெய் ஊர்ந்து போகும். ஓரிரு மணி நேரத்தில் வெள்ளைப் பூச்சில் ஈரக்கறை தோன்றினால் அந்த இடத்தில் துளை உண்டு. மண்ணெண்ணெயை முற்றாகத் துடைத்துக் கழுவிக் காயவைக்காமல் அந்த இடத்தை மீண்டும் ஒட்ட விடாதீர்கள், தீப்பிடிக்கும். குடிதண்ணீர்த் தாங்கியானால் மணம் போகும்வரை சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். முன்னர் ரயில் வேலைத்தளங்களிலும் எண்ணெயும் வெண்கட்டித் தூளும் கொண்டே வெடிப்புத் தேடினார்கள். இப்போது எண்ணெய்க்குப் பதிலாகச் சிவப்புச் சாயம் வந்திருக்கிறது.

ஒட்டின் நடுவே மறைந்திருக்கும் குறைக்கு இவை போதா. அதற்கு எக்ஸ்றே உண்டு. உள்ளே குமிழியோ கசடோ இருந்தால் படத்தில் கருமையாகத் தெரியும். வெளியிடங்களில் இதற்கு இரிடியம்-192 என்ற கதிர்வீச்சுப் பொருளைப் பயன்படுத்துவார்கள். பெரு நாட்டில் 1999இல் ஒரு வெல்டிங் தொழிலாளி, கீழே கிடந்த அத்தகைய துண்டை என்னவென்று அறியாமல் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீடு சென்றார். அவருடைய கால் ஒன்றை அகற்ற வேண்டியதாயிற்று. மனைவியும் பிள்ளைகளும்கூடக் கதிர்வீச்சுக்கு உள்ளானார்கள். காணியில் கிடக்கும் தெரியாத பொருளைத் தொடாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிப் பழகிய எமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மெல்லிய வெடிப்பு சில வேளை எக்ஸ்றேயிலும் தப்பிவிடும். அதைப் பிடிக்க வல்லது எமது காதுக்குக் கேட்காத ஒலி. கருவியை இரும்பின் மேல் வைத்து ஒலியை அனுப்பினால், வெடிப்பில் பட்டு எதிரொலி திரும்பி வரும். வந்த நேரத்தைக் கொண்டு ஆழத்தைக் கணிக்கலாம். இதைச் செய்ய உடல் வலிமையைவிடப் பொறுமையும் கூர்ந்த கவனமுமே தேவை. முறையான பயிற்சியும் மூன்று படிநிலைகளில் சான்றிதழும் உண்டு. வெல்டிங் படித்த பெண்கள் இதையும் விசாரித்துப் பார்க்கலாம்.

கர்ப்பகாலத்தில் நாம் எடுக்கும் ஸ்கானும் இதே முறைதான். உண்மையில் இரும்பைச் சோதித்த கருவியே பெண்களிடம் வந்தது. ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மகப்பேற்று மருத்துவராக இருந்த பேராசிரியர் இயன் டொனால்ட், 1955இல் அருகிலிருந்த கொதிகலன் தொழிற்சாலைக்கு, பெண்களிடமிருந்து அகற்றிய கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். உலோகக் குறை காணும் கருவியை அவற்றின் மேல் வைத்துப் பார்த்தார். நீர் நிறைந்த கட்டியும் திண்மையான கட்டியும் வெவ்வேறு எதிரொலி தந்தன. பிறகு, இனிச் சிகிச்சை இல்லாத புற்றுநோய் என்று கருதப்பட்ட ஒரு பெண்ணின் வயிற்றை அவர் இம்முறையில் சோதித்தபோது, அது சூலகத்தில் வளர்ந்த வெறும் நீர்க்கட்டி என்று தெரிந்தது. அதை அகற்றினார்கள், அந்தப் பெண் பிழைத்தார்.