தட்டை இறக்கி வைங்க அக்கா!

சாரல் விழ ஆரம்பித்தால் குற்றாலத்தில் எல்லோருக்கும் பசிக்கும். எண்ணெய் தேய்த்து, பேரருவிக்கு முதுகைக் கொடுத்துவிட்டு, ஈரத்தலையோடு பிரானூர் பார்டர் பக்கம் போகிறவர் எத்தனை பரோட்டா உள்ளே போனது என்று எண்ணுவதில்லை. ‘சீசன் வருது, வயித்தைப் பத்தி எழுதுங்க’ என்ற ஆசிரியரின் மனதில் அந்தப் பரோட்டாதான் இருந்திருக்கும். எனக்கு விஷயம் கிடைத்தது தென்காசிக்கு வெளியே ஒரு திண்ணையில், மடியில் பீடித்தட்டோடு உட்கார்ந்திருந்த ஓர் அக்காவிடம்.

வெட்டிய இலையில் தூளை வைத்துச் சுருட்டி, நூலைச் சுற்றி, முனையை மடக்குகிறார். பேசும்போதும் விரல் நிற்கவில்லை. ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. “காலையில வெளிக்கு வருத மாதிரி இருக்கும் தம்பி. இந்தக் கட்டை முடிச்சுட்டுப் போவோம்னு இருப்பேன். பொறவு வராது.” நாலு நாளைக்கு ஒருமுறை, கண்ணில் நீர் வர முக்கி, ரத்தமும் பார்த்துவிட்டார். விளக்கெண்ணெய், கடுக்காய், வாழைப்பழம் என்று தெருவே வைத்தியம் சொல்லியிருக்கிறது. எழுந்து போகச் சொன்னவர் யாருமில்லை.

“பொறவு வராது” என்றாரே, அது உண்மை. மலம் மலக்குடலுக்குள் இறங்கி அதன் சுவர் விரியும்போதுதான் நமக்கு உந்துதல் தெரிகிறது. அடக்கினால் சுவர் இடம் கொடுத்துவிடும், உந்துதலும் அடங்கிவிடும். உள்ளே கிடப்பதிலிருந்து குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இன்றைக்கு இளகி இருந்தது நாளை ஆட்டுப் புழுக்கை. வருஷக்கணக்கில் இப்படியே போனால் மலக்குடலுக்கு உணர்வே மழுங்கும். அப்புறம் முக்கல், மூலம், ஆசனவாயில் வெடிப்பு.

தினமும் போயே தீர வேண்டும் என்பதுமில்லை. நாளுக்கு மூன்று முறையிலிருந்து வாரத்துக்கு மூன்று முறை வரை, சிரமமில்லாமல் போனால் சரிதான்.

கடையம் சாலையில் தோரணமலை இருக்கிறது. சித்தர் தேரையர் வாழ்ந்த மலை என்பார்கள். நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதிக்கு எடுக்க வேண்டும் என்று அவர் பெயரில் வழங்கும் நோயணுகா விதி சொல்வதை இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் மறக்கவில்லை. மலசலம் இரண்டையும் அடக்கக் கூடாது என்று அதே விதி சொல்வதை மட்டும் சௌகரியமாக விட்டுவிட்டார்கள்.

நார்ச்சத்துதான் முக்கியம் என்பார்கள் உணவியல் நிபுணர்கள். பெரியவர்களுக்கு நாளுக்கு 25 கிராமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மைதாவில் தவிடு ஏது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கீரையும் கொய்யாவும் வாசல்வரைதான் கொண்டுவந்து விடும். கதவைத் திறக்க ஆள் எழுந்திருக்க வேண்டாமா?

பெண்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை. சீசனுக்கு ராத்திரி வேனில் வருகிறவர்கள் சாயங்காலமே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். வழியில் கழிப்பறை கிடைத்தாலும் தாழ்ப்பாள் இருக்காது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை வீடு திரும்பும்வரை அடக்குகிறது. ஜவுளிக்கடையில் நிற்கிற பெண் கடை சாத்தும்வரை அடக்குகிறாள். பாதி மலச்சிக்கலாவது இப்படி வந்ததுதான் என்று பந்தயம் கட்டுவேன்.

வயிற்றில் ஏதாவது விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும், காலையில் அது இன்னும் பலம். காபி குடித்த கையோடு போய் உட்காரச் சொல்வது அதனால்தான். செல்போன் வெளியே இருக்கட்டும். குந்தி உட்கார்ந்தால் மலக்குடலின் வளைவு நேராகி வேலை எளிதாகும்; வெஸ்டர்ன் என்றால் காலடியில் ஒரு குட்டி முக்காலி. ரத்தம் கண்டால் மூலம் என்று நாமே முடிவுகட்டக் கூடாது. அதோடு எடையும் குறைந்தால், ஐம்பதுக்கு மேல் பழக்கம் திடீரென மாறினால், டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடவே கூடாது.

அக்காவை டாக்டரிடம் காட்டச் சொன்னேன். வெடிப்புதான். அடுத்த மாதம் போனபோது தட்டு திண்ணையில் இருந்தது, ஆளைக் காணோம். கொஞ்ச நேரத்தில் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“காப்பி குடிச்சதும் பத்து நிமிஷம் போயி உட்காருதேன் தம்பி. நாப்பது பீடி போச்சு. போனாப் போவுது.”